உள்ளூர்ச் சரக்கா, கப்பல் சரக்கா? வடசென்னைக் குடும்பங்கள் பார்த்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

"இனிமேல் நம்ம ஊர்ச் சரக்குதான்" என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் முதலில் போய் நிற்கும் இடம் பழக்கடை. கிவியை விட்டுவிட்டுக் கொய்யா வாங்கி வருகிறார்கள். அதே வீட்டில் இந்தோனேசியப் பாமாயிலில் அப்பளம் பொரிகிறது, பர்மா உளுந்து ஊறுகிறது, மொசாம்பிக் துவரை சாம்பாராகிறது. பழக்கூடையில் இருக்கும் இறக்குமதி கண்ணில் படுகிறது. எண்ணெய்த் தூக்கிலும் பருப்பு டப்பாவிலும் இருப்பது படுவதில்லை.

தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்து பார்த்ததில் ஒன்று தெளிவாகிவிட்டது. எந்தப் பொருளிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்ற வரிசை தவறினால் இரண்டே மாதத்தில் ஆர்வம் வற்றிப்போகும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு நாற்பது பக்க நோட்டு, போன மாத மளிகைப் பில், ரேஷன் கடையில் வாங்கும் பொருள்களின் கணக்கு, துணிப்பைகள், பொடி எழுத்தைப் படிக்க போன் கேமரா. வீட்டில் சமைப்பவர் யாரோ அவருடைய சம்மதமும் வேண்டும். அவரைக் கேட்காமல் பொருளை மாற்றிய வீடுகளில் இந்த முயற்சி நிலைத்து நான் பார்த்ததில்லை.

1. முதலில் சமையல்கட்டைக் கணக்கெடுங்கள்

கடைக்குப் போகாதீர்கள். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பொருளின் பெயர், மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது, எங்கே வாங்கியது என்று மூன்றையும் எழுதுங்கள். நான்காவதாக ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். அது எந்த ஊர்ச் சரக்கு என்பதற்கு. இப்போது நிரப்ப முடியாது, நிரப்பவும் வேண்டாம். ஊகித்து எழுதியது பிறகு உண்மை போலவே உட்கார்ந்துகொள்ளும்.

அளவை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாதம் நான்கு லிட்டர் எண்ணெயும் நான்கு கிலோ பருப்பும் வாங்கும் வீட்டில் கிவி ஒரு டப்பாதான் வருகிறது. ஆகும் அளவு அதிகமாக உள்ள பொருளை மாற்றினால்தான் உங்கள் பணம் இங்குள்ள விவசாயியிடம் போய்ச் சேரும்.

2. மூன்றாகப் பிரியுங்கள்

பட்டியலில் உள்ளவற்றை மூன்று பிரிவாகக் குறியுங்கள்.

முதலாவது, மாற்று இல்லாதவை. பெருங்காயத்தின் பால் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தானிலிருந்து வருகிறது. இங்கே அதில் மாவும் கோந்தும் சேர்த்துக் கட்டிப் பெருங்காயமாக்குகிறார்கள். இமாச்சலில் 2020-இல் நட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள், அது நம் கடைக்கு வர நாளாகும். பேரீச்சை, பாதாம், பிஸ்தாவும் பெரும்பாலும் கப்பலில் வருபவைதான். இவற்றோடு சண்டை போடாதீர்கள்.

இரண்டாவது, வருஷம் முழுக்க உள்ளூரில் கிடைப்பவை: அரிசி, கேழ்வரகு, கம்பு, வாழைப்பழம், முட்டை, கடலெண்ணெய், நல்லெண்ணெய், கீரை. காலை உணவுக்கு ஓட்ஸ் வாங்கும் வீடுகள் அதை இந்தப் பிரிவுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். நம் நாட்டுக்கு வரும் ஓட்ஸில் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. கேழ்வரகு கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வருகிறது.

மூன்றாவது, பருவத்துக்கு மட்டும் உள்ளூரில் கிடைப்பவை. பழமும் மீனும் சில பருப்புகளும் இதில் வரும். அதிகக் கவனம் கேட்பது இந்தப் பிரிவுதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்றப் பார்க்கிறார்கள். பில் ஏறுகிறது, சுவை மாறுகிறது, பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. மாதத்துக்கு இரண்டு பொருள் போதும்.

3. கடைக்காரரிடம் கேட்கும் முறை

ஒரே மளிகைக் கடையில் தொடர்ந்து வாங்குங்கள். எந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பது கடைக்காரருக்குப் பெரும்பாலும் தெரியும், ஏனென்றால் மூட்டையைப் பிரித்தவர் அவர். பாரிமுனையில் கோவிந்தப்ப நாயக்கன் தெரு மொத்தக் கடைகளிலிருந்து எடுத்து வருபவராக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். சாயங்காலம் கூட்டத்தில் கேட்டால் பதில் வராது. மதியம் இரண்டு, மூன்று மணிக்குப் போங்கள்.

"இது நம்ம ஊர்தானேண்ணே?" என்று கேட்காதீர்கள். விற்பவர் யாராக இருந்தாலும் "ஆமாம்மா" என்றுதான் சொல்வார். "அண்ணே, இந்த உளுந்து எந்த ஊரு? மூட்டை இருந்தா காட்டுங்க" என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் சொல்ல வேண்டி வரும்போது பதில் நேராக வரும். "பர்மா சரக்கும்மா, உடைச்சதுல அதுதான் இருக்கு. நம்ம பக்கத்து உளுந்து பங்குனிக்கு மேல வரும்" என்று சொல்பவர் கிடைத்துவிட்டால் அந்தக் கடையை விடாதீர்கள். அவர் சொன்னதை அன்றைக்கே நோட்டின் நான்காவது கட்டத்தில் எழுதுங்கள்.

பெயர்ப் பலகையில் 'நாட்டு', 'கிராமத்து' என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்துக் காசு கூடக் கொடுக்காதீர்கள். பழுப்பு ஓடு உள்ள முட்டை எல்லாம் தெருக்கோழி முட்டை இல்லை. பண்ணையில் கூண்டில் வளரும் சில இனங்களும் பழுப்பு முட்டைதான் இடும்.

4. எண்ணெய்

மாற்றத்தை இங்கே தொடங்குங்கள். நம் நாடு பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும், சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்தும், சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைன், அர்ஜென்டினாவிலிருந்தும் வருகின்றன. 2022-இல் உக்ரைனில் போர் மூண்டதும், ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியதும் கொருக்குப்பேட்டை பஜ்ஜிக் கடை வரை வந்து அடித்தன. ஒரு வீட்டின் செலவு வெளிநாட்டுச் செய்தியோடு எவ்வளவு நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது எண்ணெயில்தான் தெரியும்.

முதலில், வாங்கும் பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் நிலக்கடலைப் படம் இருக்கும். பின்னால் 'கலப்பு எண்ணெய்' என்றும், எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்றும் இருக்கும். கலப்பில் ஒவ்வொரு எண்ணெயும் குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது 80 சதவீதம் பாமாயில் கலந்ததும் சட்டப்படி சரியான கலப்புதான்.

அடுத்து, தாளிக்கும் எண்ணெயை மட்டும் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ மாற்றுங்கள். தாளிப்புக்கு ஆகும் அளவு குறைவு, மணமோ உடனே தெரியும். வீட்டில் எல்லோரும் வித்தியாசத்தை உணர்ந்தபிறகு கூடுதல் செலவு உறுத்தாது.

செக்கெண்ணெய் விலை நியாயமானதா என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு லிட்டர் கடலெண்ணெய் ஆட்ட ஏறக்குறைய இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். மிஞ்சும் புண்ணாக்கை விற்பதில் கொஞ்சம் காசு திரும்பும். அப்படியும் இரண்டு கிலோ நிலக்கடலைப் பருப்பின் விலையைவிட மலிவாக ஒருவர் ஒரு லிட்டர் செக்கெண்ணெய் விற்றால், அதில் வேறு ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும் அன்றைக்குப் பருப்பு விலையையும் கேட்டுவிடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்துப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். உறைந்தால் பாமாயில் என்று பலர் சொல்கிறார்கள். சுத்தமான கடலெண்ணெயும் ஃபிரிட்ஜ் குளிரில் கெட்டியாகும். இதை நம்பி நல்ல செக்குக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பொரிக்கும் எண்ணெய் வேறு கணக்கு. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. தினக்கூலியில் ஓடும் வீட்டுக்கு அது பெரிய ஆதரவு. அதை வாங்குங்கள், பொரிப்பதை வாரத்தில் ஒருநாள் குறையுங்கள். வெளியில் ரீஃபைண்ட் வாங்குபவர்கள் மட்டும் சூரியகாந்திக்குப் பதில் தவிட்டெண்ணெயைப் பாருங்கள். நெல் அரைவையில் கிடைக்கும் தவிட்டிலிருந்து எடுப்பது, ஆகவே மூலப்பொருள் நம் நாட்டு நெல்தான்.

5. பருப்பு

பர்மாவிலிருந்து வரும் உளுந்து நம் துறைமுகத்தில்தான் இறங்குகிறது. உளுந்து வியாபாரத்தில் 'சென்னை விலை' என்று நாடு முழுக்கப் பேசுவது இந்தச் சரக்கின் விலையைத்தான். துவரை பர்மாவிலிருந்தும், மொசாம்பிக், தான்சானியா, மலாவி போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வருகிறது. கர்நாடகத்தின் கலபுரகிப் பக்கமும் மகாராஷ்டிரமும் நம் நாட்டுத் துவரைக்குப் பெயர் போனவை. மைசூர்ப் பருப்பு கனடா, ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. பீச்சில் மாங்காய் தேங்காய் போட்டுத் தரும் சுண்டலின் காய்ந்த பட்டாணிக்கும் கனடா, ரஷ்யா தொடர்பு உண்டு.

தோல் நீக்கிய பருப்பைக் கண்ணால் பார்த்து ஊர் சொல்ல முடியாது. 'வெளுப்பாக இருந்தால் வெளிநாடு' என்பது தவறு, அது பாலிஷின் வேலை. மூட்டையும் கடைக்காரர் வார்த்தையும்தான் வழி.

உளுந்தை மாற்றும்போது முதல் தடவையே ஐந்து கிலோ வாங்காதீர்கள். கால் கிலோ வாங்கி, பழைய உளுந்திலும் கால் கிலோ எடுத்து, தனித்தனியாக ஒரே நேரம் ஊறவைத்து, ஒரே அளவு தண்ணீர் விட்டு ஆட்டிப் பாருங்கள். கிரைண்டரில் எது பொங்கி ஏறுகிறது, எது வழவழப்பாக உருண்டு வருகிறது என்று நேராகவே தெரியும். மாவு நன்றாகக் காணும் உளுந்தில் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடப்போனாலும் இட்லிக் கணக்கில் ஈடாகிவிடும். புது உளுந்து எந்த நாட்டுடையதாக இருந்தாலும் பழையதைவிட நன்றாகக் காணும். எனவே எப்போது அறுவடையானது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்குப் பிறகு தரிசில் உளுந்தும் பயறும் விதைப்பார்கள். பங்குனி, சித்திரையில் அது சந்தைக்கு வரும். அப்போது மூன்று மாதத்துக்கு வாங்கி, ஒருநாள் வெயிலில் காயவைத்து, ஆறியபிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே ஈரம் கட்டி வண்டு விழும்.

துவரையைப் பொறுத்தவரை ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைப்பதை முதலில் பயன்படுத்துங்கள். அது எந்த நாட்டுச் சரக்காக இருந்தாலும் சரி. மீதித் தேவைக்கு வாரம் இரண்டு நாள் துவரையை விட்டு, பாசிப்பருப்பு சாம்பார், மொச்சைக் குழம்பு, காராமணி, கொள்ளு என்று மாற்றுங்கள். துவரைக்கே உள்ளூர்த் துவரையைத் தேடி அலைவதைவிட இது சுலபம். மொச்சையும் கருவாடும் கத்தரிக்காயும் சேர்ந்த குழம்பு இந்தப் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இல்லை.

6. பழம்

பழத்தில் ஏமாறுவது இரண்டு விதம். ஸ்டிக்கரைப் பார்த்து உயர்ந்தது என்று நினைப்பது ஒன்று. ஸ்டிக்கரைப் பார்த்து விஷம் என்று நினைப்பது இன்னொன்று.

ஸ்டிக்கரில் உள்ள நான்கு இலக்க எண் பழத்தின் ரகத்தையும் அளவையும் சொல்லும். ஐந்து இலக்கமாகி 9-இல் தொடங்கினால் இயற்கை விவசாயத்தில் விளைந்தது என்று பொருள். எந்த நாடு என்பது அந்த எண்ணில் இல்லை, தனியாக எழுத்தில் இருந்தால்தான் உண்டு. வெறும் ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம். சந்தேகம் இருந்தால் பழம் வந்த அட்டைப்பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். நாடு, ரகம், பொட்டலமிட்டவர் விவரம் எல்லாம் பெட்டியில் அச்சாகியிருக்கும்.

ஆப்பிள்மேல் நகத்தால் கீறினால் வெள்ளையாக வரும் மெழுகைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். தேன்மெழுகு, கார்னபா, அரக்கு போன்ற இயற்கை மெழுகுப் பூச்சை நம் உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிக்கிறது. வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவுங்கள், போதும். பழம் வாடாமல் இருப்பதற்காகப் பூசுவது அது. பழம் புதியதா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

புதியதா என்று பார்க்க மாதத்தைப் பாருங்கள். காஷ்மீர், இமாச்சல் ஆப்பிள் ஆடியிலிருந்து ஐப்பசி வரை அறுவடையாகிறது. அந்த மாதங்களில் இந்திய ஆப்பிள்தான் வாங்க வேண்டும், விலையும் இறங்கியிருக்கும். சித்திரையில் விற்கும் இந்திய ஆப்பிள் குளிர்கிடங்கிலிருந்து வருவது. அதே நேரம் பூமியின் தென்பாதியில் உள்ள நியூசிலாந்தில் புது அறுவடை நடக்கும். ஆகவே உள்ளூர் என்பதால் மட்டும் புதியது என்றோ, வெளிநாடு என்பதால் மட்டும் பழையது என்றோ சொல்லிவிட முடியாது. அந்தச் சித்திரையில் ஆப்பிளையே விட்டுவிட்டு மாம்பழத்துக்குப் போவதுதான் என் யோசனை.

நம் பருவ வரிசை வருமாறு. தை, மாசியில் நாக்பூர் கமலாவும் திராட்சையும். மாசி முதல் வைகாசி வரை திண்டிவனம், செங்கல்பட்டுப் பக்கத்துத் தர்பூசணி. சித்திரை, வைகாசியில் திருவள்ளூர் மாவட்டத்து நுங்கும் மாம்பழமும், பண்ருட்டிப் பலாவும். ஆனி, ஆடியில் நாவல். ஆவணி முதல் ஐப்பசி வரை சீத்தாப்பழம். வாழை, கொய்யா, பப்பாளி எப்போதும். இந்த வரிசையைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

சத்துக்காகக் கிவி வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு: 100 கிராம் கிவியில் ஏறக்குறைய 90 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. கொய்யாவில் 200-க்கு மேல். ஆப்பிளில் ஐந்துகூட இல்லை. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள்தான் வாங்க வேண்டும் என்ற வழக்கம் நம்மிடம் இறுகிப்போயிருக்கிறது. கொய்யாவும் சாத்துக்குடியும் கொண்டு போவதில் ஒரு குறைவும் இல்லை என்று நான் மனப்பூர்வமாக நினைக்கிறேன்.

பெயரைப் பார்த்தும் ஏமாறுகிறோம். வெண்ணெய்ப்பழம் என்கிற அவகேடோ தாண்டிக்குடி, ஏற்காடு, குடகு மலைகளில் விளைகிறது. பச்சையாக, வழவழப்பாக, பெரிதாக இருக்கும். தோல் சொரசொரப்பாகக் கருத்துப்போகும் சிறிய ரகம் ஆப்பிரிக்காவிலிருந்து வருவதாக இருக்கலாம், விலையும் கூடுதல். டிராகன் பழத்தையும் இப்போது இங்கேயே பயிரிடுகிறார்கள், ஜூன் முதல் அக்டோபர் வரை அதன் பருவம்.

7. காய், கீரை

இங்கே இறக்குமதி குறைவு. புரோக்கோலி, சுக்கினி, சிவப்பு மஞ்சள் குடைமிளகாய் எல்லாம் வெளிநாடு என்று நினைத்து ஒதுக்குபவர்கள் உண்டு. பெரும்பாலும் ஊட்டியிலும் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலும் விளைபவை அவை. தக்காளி ஆந்திரா, கர்நாடகத்திலிருந்தும், பெரிய வெங்காயம் நாசிக்கிலிருந்தும் வருகின்றன. 2019 கடைசியில் வெங்காயத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது எகிப்து வெங்காயம் கோயம்பேட்டுக்கு வந்தது. பெரிதாக இருந்தது, ஜனங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பூண்டில் மட்டும் கவனம். சீனப் பூண்டு இறக்குமதிக்கு 2014 முதல் தடை இருக்கிறது, ஆனாலும் திருட்டு வழியில் வந்து பிடிபட்டபடி இருக்கிறது. மிகப் பெரிய பற்களோடு, வெள்ளை வெளேரென்று, உரித்தால் மணமில்லாமல் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

கீரையை அதிகாலையில் வாங்குங்கள். மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம், செங்குன்றம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருவது அப்போதுதான் வாடாமல் இருக்கும். ரயிலடியில் ஈரச் சாக்கு விரித்துக் கட்டு கட்டாக அடுக்கியிருக்கும் அக்காவிடம், "யக்கா, எந்த ஊரு தோட்டம்? கிணத்துத் தண்ணியா, கால்வாய்த் தண்ணியா?" என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்கச் சங்கடப்பட வேண்டாம். வடசென்னையில் கழிவுநீர் ஓடும் கால்வாய்களும் ஆலைகளும் அதிகம். அவற்றின் ஓரத்தில் வளர்ந்த கீரை எவ்வளவு பக்கத்தில் விளைந்ததாக இருந்தாலும் வாங்காமல் இருப்பதே நல்லது. பக்கத்தில் விளைவதைத் தேடும் நாம் அது எந்தத் தண்ணீரில் விளைந்தது என்பதையும் தேடித்தான் ஆக வேண்டும். இந்தத் தண்ணீரும் மண்ணும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் வாங்குகிற நமக்கு இருக்கிறது.

வேரில் ஒட்டிய மண்ணைப் பாருங்கள். கருப்பாக, சாக்கடை வாடையோடு இருந்தால் கட்டைக் கீழே வைத்துவிடலாம். வீட்டில் வேரை அறுத்துவிட்டு அகலமான பாத்திரத்தில் அமுக்கி மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். குழாயடியில் பிடித்தால் இலையடி மண் போகாது.

8. மீன்

காசிமேடு பக்கத்தில் இருக்கும்போது வெளிநாட்டு மீன் எதற்கு என்று தோன்றும். ஆனால் கடைகளில் முள்ளில்லாத வெள்ளைத் துண்டாக உறையவைத்து விற்கும் பாசா, பெரும்பாலும் வியட்நாமில் குளத்தில் வளர்ப்பது. ஹோட்டல் ஃபிஷ் ஃபிங்கர் பலவும் அதுதான். பிள்ளைகளுக்கு முள் பயம் என்றால் கொடுவா, வஞ்சிரம் துண்டு போட்டு வாங்கலாம். காசு இடிக்குமென்றால் நெத்திலியைத் தலைகிள்ளி நடுமுள்ளை உருவிக் கொடுங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் ஃபைபர் படகு மீனைக் கேட்டு வாங்குங்கள். அதிகாலையில் போய் அன்றைக்கே திரும்பும் படகுகள் அவை, மீன் குறைவாக இருக்கும், ஆனால் புதிதாக இருக்கும். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் மே மாதம் வரை கேரளா, மங்களூர் மீன் ஐஸ் பெட்டியில் இங்கே வரும். விற்பவர் சொல்லாவிட்டாலும் செவுளைத் தூக்கிப் பாருங்கள். இரத்தச் சிவப்பு வெளுத்து, கண் குழிந்திருந்தால் பயணம் நீண்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் கூட்டத்தில் பேரம் பேச முடியாது. வார நாளில் போங்கள். நண்டு, இறால் வாங்குபவர்கள் எண்ணூர்க் கழிமுகத்துச் சரக்கா, பழவேற்காட்டுச் சரக்கா என்று கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது, அங்கே பிடித்துப் பிழைப்பவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

9. பொட்டலத்தில் வருபவை

பார்கோடு 890-இல் தொடங்கினால் இந்தியப் பொருள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்த எண் நிறுவனம் இந்தியாவில் பதிவு பெற்றது என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே இருக்கும் பாதாம் கலிஃபோர்னியாவில் விளைந்ததாக இருக்கும். 'பிறந்த நாடு' என்ற வரியைத் தேடுங்கள். இறக்குமதியான உணவில் அது கட்டாயம்.

பாரிமுனை, பர்மா பஜார் வட்டாரத்தில் வெளிநாட்டு சாக்லேட், பிஸ்கட் வாங்கும்போது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவ அசைவப் புள்ளி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இவை உரிக்க முடியாத ஸ்டிக்கராக ஒட்டியிருக்கலாம், அது விதிப்படி சரிதான். ஆனால் காலாவதித் தேதிமேல் வேறொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். தேதி உற்பத்தியிடத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும். இறக்குமதியாளர் பெயரே இல்லாத பொட்டலம் துறைமுகப் பரிசோதனை வழியாக வந்ததா என்பதற்கு ஆதாரமே இல்லை.

தள்ளுபடியில் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. துறைமுகத்தில் விடுவிக்கும்போது உணவுப் பொருளுக்கு ஆயுளில் 60 சதவீதமோ, மூன்று மாதமோ, எது குறைவோ அது மீதி இருந்தால் போதும். கடைக்கு வந்து தேங்கினால் மிஞ்சுவது சில வாரங்கள்தான். அரைவிலைக்கு இரண்டு பாட்டில் என்றால் முதலில் தேதியைப் பாருங்கள்.

பில்லும் பொட்டலமும் இல்லாமல் புகார் எடுபடாது. சந்தேகமான பொருளை வாங்கிவிட்டால் இரண்டையும் தூக்கிப் போடாமல் போட்டோ எடுத்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லுங்கள்.

10. வருஷச் சாமான்

கடைசியாக இதை வைத்திருப்பதற்குக் காரணம், மொத்தப் பணமும் வைக்க இடமும் வேண்டும். முன்னே சொன்ன படிகளில் எது உங்கள் வீட்டில் நிலைத்தது என்று தெரிந்தபிறகு செய்யுங்கள்.

மாசி, பங்குனியில் புதுப் புளியும் மிளகாயும் வரும். ராமநாதபுரம் முண்டு மிளகாயும் ஈரோட்டு மஞ்சளும் அந்தச் சமயத்தில் வாங்கினால் விலையும் தரமும் கைகொடுக்கும். ஒரு வீட்டுக்கு மூட்டை வாங்கினால் தேங்கும். நான்கு வீடு சேர்ந்து வாங்கிப் பங்கிடுங்கள், பணத்தை முன்கூட்டியே வசூலித்துவிடுங்கள். பிறகு தருகிறேன் என்பதில்தான் அக்கம்பக்கத்துச் சண்டை வருகிறது.

பட்டை வாங்கும்போது மட்டும் இரண்டு துண்டை எடுத்துப் பாருங்கள். தடித்து, ஒரே சுருளாக, உடைக்கக் கடினமாக இருப்பது வியட்நாம், சீனப் பக்கத்திலிருந்து வரும் காசியா. காகிதம் போல மெல்லிய அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருப்பது இலங்கைப் பட்டை. இரண்டும் இறக்குமதிதான் என்றாலும் காசியாவில், அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் என்ற பொருள் அதிகம். தினமும் கஷாயம், டீயில் போடுபவர்கள் இரண்டாவதை வாங்குங்கள், பிரியாணிக்கு எப்போதாவது போடுபவர்கள் கவலைப்பட வேண்டாம்.

புளியைக் கொட்டை நீக்கி, கல்லுப்பு தூவி, ஜாடியில் அழுத்தி வையுங்கள். மிளகாயை மொட்டைமாடியில் காயவைக்கும் எண்ணூர், அத்திப்பட்டு, மணலிக்காரர்கள் மெல்லிய வேட்டித் துணியைப் போர்த்தியே காயவையுங்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைத் தூசியும் மிளகாய்க் காம்பின் சுருக்கத்தில் போய் உட்கார்ந்தால் துடைத்து எடுக்க முடியாது. மிளகாயைக் கழுவி மறுபடி காயவைத்தால் பூஞ்சை பிடிக்கும். காம்பு ஒடித்தால் சத்தம் கேட்கும் பதத்தில் அள்ளி, ஆறவிட்டு, அன்றைக்கே மூடிவிடுங்கள்.